வார்டோ: உலகம் வந்து போன துறைமுகம்

நோர்வேயின் வரைபடத்தில் வடகிழக்கு மூலையைப் பார்த்தால் கரையோரம் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு தீவு தெரியும். அதுதான் வார்டோ. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வெகு வடக்கே, இஸ்தான்புல்லையும்விடக் கிழக்கே இருக்கிறது. சனத்தொகை ஏறத்தாழ 2,000. ஒஸ்லோவிலிருந்து கிர்கெனெஸ் வரை பெரிய விமானம், அங்கிருந்து சின்ன விமானம். இறங்குவது பெருநிலத்தில். பிறகு கடலுக்கு அடியால், 88 மீற்றர் ஆழம் வரை இறங்கி ஏறும் சுரங்கப்பாதையில் தீவுக்குப் போகவேண்டும். நோர்வேயில் கடலுக்குக் கீழே முதன்முதலில் வெட்டிய வீதிச் சுரங்கம் அது, 1982இல் முடிந்தது.

மார்ச் மாதக் கடைசியில் நானும் என் கணவரும் அங்கே போனோம். இவருக்கு அந்தக் கரை புதிதல்ல. 1980களின் பிற்பகுதியில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பெடியன்கள் பலருக்கு நோர்வேயில் கிடைத்த முதல் வேலை வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில்தான். வார்டோவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு துறைமுகத்தில் இவரும் மீன் வெட்டினார். பிறகு மற்றவர்களைப் போல ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார். நான் கலியாணம் கட்டி வந்தது ஒஸ்லோவுக்கு. அதனால் அந்த வடக்கை நான் இவருடைய கதைகளில் மட்டுமே கண்டிருந்தேன்.

இவ்வளவு வடக்கே இருந்தும் வார்டோத் துறைமுகம் உறைவதில்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அதைக் காக்கிறது. குளிர்காலம் முழுக்கப் படகுகள் போய்வர முடிந்ததால்தான் அந்த மரமில்லாத பாறையில் மனிதர்கள் குடியிருந்தார்கள். சாப்பாடும் அந்தக் கடலோடு வந்ததே.

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா முதல் நாள் இரவே “ம்யோல்யெ” சமைத்தார். கொட் மீன், அதன் ஈரல், அதன் சினை மூன்றும் ஒரே தட்டில் வரும் குளிர்காலச் சாப்பாடு இது. மீனைத் தடித்த துண்டுகளாக்கி, உப்பு நன்றாகப் போட்ட தண்ணீரில் கொதிக்க விடாமல் வைத்தார். கொதித்தால் சதை உதிர்ந்துவிடுமாம். சினையைக் கடதாசியில் சுற்றித் தனிச் சட்டியில் மெல்ல அவித்தார். ஈரலை நறுக்கி, வெங்காயமும் மிளகும் சேர்த்துச் சிறு தீயில் விட்டார். அது தன் எண்ணெயைத் தானே கக்கி, பொன்னிறமாக மிதந்தது. அவித்த உருளைக்கிழங்கின்மேல் அந்த எண்ணெயை ஊற்றி, மெல்லிய மொறுமொறு ரொட்டியால் தொட்டுச் சாப்பிட வேண்டும். மீனெண்ணெயின் வாடை வரும் என்று நான் பயந்திருந்தேன். வந்தது இனிப்பும் கொழுப்பும் கலந்த வாசம். இரண்டு மாதம் சூரியனே எழாத ஊரில், வெயில் தரவேண்டிய விற்றமின் டியை இந்த ஈரல்தான் தந்து வந்திருக்கிறது.

மறுநாள் படகிலிருந்து வந்த மீன் தலைகளை அந்த அம்மா மேசையில் வைத்தார். இவர் சட்டையை மடித்துக்கொண்டு கத்தியை வாங்கினார். “இஞ்சரும், இதைப் பாரும்” என்று சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பி, தாடைக்கு அடியிலிருந்து நாக்கை ஒரே வீச்சில் எடுத்தார். இத்தனை வருடம் போயும் கை மறக்கவில்லை. வடக்குத் துறைமுகங்களில் இது பிள்ளைகளின் வேலை. நாக்கு வெட்டி விற்றுக் கைக்காசு தேடுவார்கள். மாவில் புரட்டிப் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வழுவழுப்பு.

ராஜநண்டும் சாப்பிட்டோம். வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். பசிபிக் கடலுக்குரிய அந்த நண்டை 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் மூர்மான்ஸ்க் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அது எல்லை தாண்டிப் பெருகிவிட்டது. இன்று மீனவருக்கு நல்ல வருமானம், ஆனால் கடலடியில் இருக்கும் சிற்றுயிர்களையெல்லாம் தின்று தீர்க்கிறது. அதனால் கிழக்கே அளவு கட்டிப் பிடிக்கிறார்கள். நோர்ட்காப் என்ற வடக்கு முனைக்கு மேற்கே அது பரவாதிருக்க வரம்பில்லாமல் பிடிக்க விடுகிறார்கள். ருசி நல்லதுதான். ஆனாலும் ம்யோல்யெக்கு முன்னால் அது நிற்காது என்பேன்.

ஊருக்கு வெளியே மரச் சட்டங்களில் கொட் மீன்களை வாலோடு வால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இதற்கு உப்பே கிடையாது. பூச்சியப் பாகையைச் சுற்றி நிற்கும் குளிர்காற்று போதும். கோடை வந்து ஈ மொய்த்தால் மீனைக் காயவைக்க முடியாது, புழு வைத்துவிடும். அந்த வீணாய்ப் போகும் கோடை மீனிலிருந்துதான் ஒரு பெரிய வணிகம் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து ‘பொமோர்’ எனப்படும் வெண்கடல் பக்கத்து ரஷ்யர்கள் கோடையில் கப்பலில் வந்து, கோதுமை போன்ற தானியமான ‘ரை’ மாவும் மரமும் கொடுத்து மீன் வாங்கிப் போனார்கள். தானியம் விளையாத வடக்குக்கு ரொட்டி வந்த வழி அது. இரு தரப்பும் பேச ஒரு கலப்பு மொழியே உண்டானது. 1917 புரட்சியோடு எல்லாம் நின்றுபோனது. துறைமுகத்தின் பழைய பண்டகசாலையில் இருக்கும் பொமோர் அருங்காட்சியகம் அந்தக் கதையைச் சொல்கிறது.

இன்னொரு கதை என்னை அதிசயிக்க வைத்தது. 1769 ஜூனில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்த்து, சூரியனின் தூரத்தைக் கணக்கிட உலகின் பல மூலைகளுக்கும் வானியலாளர்கள் போனார்கள். வியன்னாவிலிருந்து மாக்சிமிலியன் ஹெல் என்ற யேசு சபைத் துறவி வார்டோவுக்கு வந்தார். அங்கே அப்போது நள்ளிரவிலும் சூரியன் இருக்கும். அதே நிகழ்வுக்காகப் பிரெஞ்சுக்காரர் லெ ஜான்தி பாண்டிச்சேரியில் காத்திருந்தார். பாண்டிச்சேரியில் மேகம் மூடிவிட்டது. வார்டோவில் ஹெல் பார்த்துவிட்டார்.

ஊரின் துக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1617ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் திடீரென்று எழுந்த புயலில் இந்தக் கரையின் 10 படகுகளும் 40 ஆண்களும் போனார்கள். சில வருடங்களில் பழி பெண்கள்மேல் விழுந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் புயலை எழுப்பினார்கள் என்று வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த நூற்றாண்டில் பின்மார்க்கில் சூனியக் குற்றம் சாட்டி 91 பேரைக் கொன்றார்கள்: 77 பெண்கள், 14 ஆண்கள். ஆண்களில் பலர் சாமி பழங்குடியினர். அவர்களுக்காக ஸ்தைல்னெஸெட் கரையில் 2011இல் நினைவிடம் எழுந்தது. கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர் வடிவமைத்த நீண்ட துணிக்கூடம். உள்ளே 91 சின்ன யன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒருவரின் பெயரும் குற்றச்சாட்டும் தீர்ப்பும். காற்றில் துணி அசைந்து முனகுகிறது. அடுத்த கண்ணாடி அறையில் சிற்பி லூயிஸ் பூர்ஷுவா செய்த இரும்புக் கதிரை அணையாமல் எரிகிறது. எல்லாப் பெயர்களையும் வாசித்த பிறகுதான் வெளியே வந்தோம். கடல் செய்ததற்கு அயல்வீட்டுப் பெண்ணை எரித்த நீதி அது. கோபப்படாமல் வாசிக்க என்னால் முடியவில்லை.

கடைசி என்று நாம் நினைக்கும் ஊருக்குத்தான் ரஷ்ய மாவும், வியன்னாவின் தொலைநோக்கியும், பசிபிக் நண்டும் வந்து சேர்ந்தன. இந்தக் கரைக்கு யாழ்ப்பாணத்துப் பெடியன்களும் வந்து சேர்ந்தார்கள். ரஷ்ய வணிகத்துக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் குளிர்ந்த ஆலைகளில் நின்று மீன் வெட்டிய நாட்களும் அதே அளவுக்கு அந்தக் கரையின் வரலாறுதான். பின்மார்க்கில் வேலை செய்தவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள், சிலர் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கூலி எவ்வளவு, எந்த வீட்டில் தங்கினார்கள், முதல் குளிரில் என்ன சமைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வார்டோவுக்குப் போக விரும்புகிறவர்கள் மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ போங்கள். ம்யோல்யெயின் காலம் அதற்குமேல் முடிந்துவிடும்.