அம்மாவுக்குக் கட்டம் இல்லை

மான்செஸ்டர் கதீட்ரலுக்கு இன்று வருகிறவர்கள் மரச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே கூட்டம் அலைமோதியது கல்யாணத்துக்காக.

1801-இல் முக்கால் லட்சம் பேர் இருந்த ஊர், பஞ்சாலைகள் பெருகியதில் 1851-இல் மூன்று லட்சத்தைத் தொட்டது. ஆனால் ஆலயப் பங்கு (பாரிஷ்) மட்டும் ஒன்றேதான்; அதன் தாய் ஆலயம் இதுதான். கிளை ஆலயத்தில் மணம் முடித்தாலும் தாய் ஆலயத்துக்கும் பணம் கட்ட வேண்டும். இரட்டைச் செலவு எதற்கு என்று ஜோடிகள் இங்கேயே வந்தன. 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள், யூதர்கள் தவிர எவருக்கும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் நடந்தால்தான் மணம் செல்லும். ஆகவே ஐரிஷ் கத்தோலிக்கரும் வரிசையில் நின்றார்கள். ஈஸ்டர் விடுமுறையில் கும்பலாக நிற்க வைத்து மணம் முடிப்பார்கள். ஜோடி மாறிப்போனால் வெளியே போய்ச் சரிசெய்துகொள்ளச் சொன்ன குருவைப் பற்றி ஒரு கதையே உண்டு.

சிரித்துவிட்டுக் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டினால் மனம் கனக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிகள். 1839-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமகன்களில் நூற்றுக்கு 33 பேர், மணமகள்களில் 49 பேர் அப்படிக் குறி போட்டவர்கள்.

எழுதத் தெரியாதது அவர்கள் குற்றமல்ல. ஆனால், எழுதத் தெரிந்தவர்கள் எதை விட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1837-இல் நாடு முழுவதற்கும் வந்த புதிய படிவத்தில் வயது, தொழில், முகவரி, தந்தை பெயர், தந்தையின் தொழில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. தாய்க்கு இல்லை. தறிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று மகளை வளர்த்தவள், அந்த மகளின் கல்யாணத் தாளில் காணாமல் போனாள். மணமகளின் தொழில் கட்டமும் பல பக்கங்களில் வெறுமையாகவே கிடக்கிறது.

பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க எந்தக் குழந்தை என்று முதலில் தெரிய வேண்டும். ஒரே பெயரில் பத்து மேரிகள் இருக்கும் மில் ஊரில், வம்சம் தேடுகிறவர் தாயின் பெயர் தெரியாமல்தான் தடுமாறுகிறார்.

கல்யாணப் படிவத்தில் தாய்க்கும் ஒரு கட்டம் வர 184 ஆண்டுகள் ஆயின. 2021 மே 4 முதல் தாய் பெயரும் பதிவாகிறது. அதே நாளில் பழைய பெரிய பதிவுப் புத்தகங்களை மூடிவிட்டுக் கணினிப் பதிவுக்கு மாறிவிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் அம்மாவுக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவே இல்லை.