ஒன்றரை நொடிக்கு என்ன விலை?

டிவிடி மெனுக்களுக்கு இடையே டிரான்சிஷன் (ஒரு மெனுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஓடும் சிறு கிளிப்) போட்டால் தட்டில் இடம் போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடம்தான் இதில் மிக மலிவான செலவு. பார்ப்பவரின் நேரமும் செய்பவரின் மறுவேலையும்தான் கையைக் கடிக்கும் இரண்டு இனங்கள்.

ஒரு கல்யாண டிவிடியை எடுத்துக்கொள்வோம். முகப்பு மெனு ஒன்று. நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு, புகைப்படங்கள் என உள்மெனு ஐந்து. மொத்தம் 6. இந்தியாவில் வழங்கும் பிஏஎல் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். ஃபிரேம் ஒன்றுக்கு 720 × 576 புள்ளி. டிரான்சிஷன் ஒன்றுக்கு 36 ஃபிரேம் ஒதுக்குகிறேன், அதாவது 1.44 நொடி. எம்பெக்-2 என்கோடர் ஃபிரேம்களைக் கொத்தாகக் கட்டும். பிஏஎல் டிவிடியில் ஒரு கொத்துக்கு 15 ஃபிரேம் உச்சம், வழக்கம் 12. பன்னிரண்டின் மடங்காக வைத்தால் கடைசிக் கொத்து அரைகுறையாக நிற்காது. 36 என்பது மூன்று முழுக் கொத்து.

விடியோவுக்கு நொடிக்கு 8 மெகாபிட் கொடுத்தால் அது 1 மெகாபைட். டிவிடி 9.8 மெகாபிட் வரை அனுமதிக்கிறது. ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்த்து 10.08. அந்த உச்சத்தைத் தொட வேண்டாம்: வீட்டில் எழுதிய தட்டு என்றால் பழைய பிளேயர் திக்கித் திணறும். 1.44 நொடிக்கு விடியோ 1.44 மெகாபைட். நொடிக்கு 192 கிலோபிட் ஏசி-3 ஒலிக்கு 0.035. கட்டுமானச் செலவையும் சேர்த்து 1.5 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி, இப்படி எத்தனை கிளிப் வேண்டும் என்பது. எந்த மெனுவிலிருந்தும் எந்த மெனுவுக்கும் போகலாம் என்று வைத்தால் 6 × 5 = 30. போகும் வழிக்கு ஒன்று, வரும் வழிக்கு ஒன்று என்று தனித்தனியே எண்ண வேண்டும், ஏனென்றால் டிவிடி பிளேயர் கிளிப்பைத் தலைகீழாக ஓட்டிக் காட்டாது. முகப்பு வழியாக மட்டுமே போக்குவரத்து என்றால் ஐந்து போக, ஐந்து வர, 10 போதும். எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் கிளிப் என்றால் 1. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்:

எல்லாம் எல்லாவற்றோடும்: 30 கிளிப், 1,080 ஃபிரேம், 45 மெகாபைட்.
முகப்பு வழி மட்டும்: 10 கிளிப், 360 ஃபிரேம், 15 மெகாபைட்.
ஒரே பொதுக் கிளிப்: 36 ஃபிரேம், 1.5 மெகாபைட்.

ஓரடுக்கு டிவிடி பிளஸ் ஆர் தட்டின் கொள்ளளவு 470,03,72,992 பைட், அதாவது சுமார் 4,700 மெகாபைட். மிக ஊதாரித்தனமான முதல் ஏற்பாடே அதில் நூற்றுக்கு ஒன்றுதான். இரண்டு மணி நேரக் கல்யாணப் படத்துக்கு மொத்தத் தட்டையும் கொடுத்தால் நொடிக்கு 5.22 மெகாபிட் கிடைக்கும். 45 மெகாபைட்டை எடுத்துவிட்டால் 5.17. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவரை என்கோடர் வேலைக்கே வைத்துக்கொள்ளலாம்.

பின்னணியில் படம் ஓடிக்கொண்டே இருக்கும் மெனுவோடு ஒப்பிடுங்கள். 30 நொடி லூப் ஒன்று 30 மெகாபைட்டுக்கு மேல். ஆறு மெனுவுக்கும் வைத்தால் 180. டிரான்சிஷனைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்த நான்கு மடங்கைக் கேள்வி கேட்காமல் தட்டில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தாலும் 225தான். ஒரு மெனுத் தொகுதியின் விஓபி கோப்பு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற விதிக்குள் அது தாராளமாக அடங்கும்.

மென்பொருள் செலவைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். ஆப்பிளின் டிவிடி ஸ்டுடியோ ப்ரோ 2001-இல் 999 டாலருக்கு வந்தது. மெனு டிரான்சிஷனை உள்ளேயே வைத்துத் தந்தது 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பு. அப்போது அதன் விலை 499 டாலர். டிவிடிஆத்தர் இலவசம், ஆனால் கிளிப்பை நாமே ரெண்டர் செய்து கோர்க்க வேண்டும். உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றே. டிரான்சிஷனும் ஒரு மெனுவைப் போலத் தனி நிரலாகப் பதிவாகிறது. பட்டனின் 8 பைட் கட்டளை அங்கே தாவுகிறது. கிளிப் முடிந்ததும் அதன் பின்கட்டளை இலக்கு மெனுவுக்கு அனுப்புகிறது.

உண்மையான செலவு இந்த இரட்டைத் தாவலில் தொடங்குகிறது. டிரான்சிஷன் இல்லாவிட்டால் ஒரு தாவல், இருந்தால் இரண்டு. ஒவ்வொரு தாவலிலும் லேசர் இடம் மாற வேண்டும், டிகோடர் புதிதாகத் தொடங்க வேண்டும், மெனு இசை அறுந்து போகும். ஐந்து உள்மெனுவையும் ஒரு சுற்றுப் பார்த்துத் திரும்பினால் 10 டிரான்சிஷன், 14.4 நொடி, 20 தாவல். முதல் முறை அழகாக இருக்கும். தாத்தா மூன்றாவது தடவை முகூர்த்தத்தைத் தேடும்போது அது வெறும் காத்திருப்பு.

காட்சித் தேர்வுப் பக்கங்களில் இது இன்னும் மோசம். 24 காட்சியைப் பக்கத்துக்கு 6 வீதம் வைத்தால் 4 பக்கம். முகப்பிலிருந்து முதல் பக்கத்துக்கு 1, அடுத்த பக்கம் போக 3, முந்தைய பக்கம் வர 3, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் முகப்புக்கு 4, ஆக 11 கிளிப். இருபதாவது காட்சியைத் தொட நான்கு டிரான்சிஷனை, 5.76 நொடியை, உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 12 வீதம் வைத்தால் பக்கம் 2, கிளிப் 5, காத்திருப்பு 2.88 நொடி. ஒரு மெனுவில் 36 பட்டன் வரை வைக்க டிவிடி இடம் தருகிறது. அகலத்திரையும் லெட்டர்பாக்ஸும் சேர்ந்தால் 18. பன்னிரண்டு காட்சிக்கும் போக்குவரத்துப் பட்டன்களுக்கும் அது போதும். டிரான்சிஷனை மெருகேற்றும் முன் மெனுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் லாபம்.

மறுவேலைக்கு வருவோம். டிரான்சிஷனின் முதல் ஃபிரேம் புறப்படும் மெனுவோடும், கடைசி ஃபிரேம் சேரும் மெனுவோடும் பொருந்த வேண்டும். மெனுவில் ஓர் எழுத்து மாறினாலும் அதைத் தொட்ட எல்லாக் கிளிப்பும் பாழ். மணமகள் பெயரில் ஒற்றுப்பிழை என்று வாடிக்கையாளர் கடைசி நாளில் சொல்வார். அது முகப்பில் இருக்கும். முகப்பு வழி ஏற்பாட்டில் 10 கிளிப்பையும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும். உள்மெனு ஒன்றில் மட்டும் பிழை என்றால் 2. எல்லாம் எல்லாவற்றோடும் ஏற்பாட்டில் எந்த மெனுவில் கை வைத்தாலும் 10. பொதுக் கிளிப்பில் மட்டும் பூஜ்ஜியம்.

லூப் மெனு வைத்தவருக்கு இன்னொரு தலைவலி. 30 நொடி லூப்பில் 750 ஃபிரேம். பார்ப்பவர் எந்த ஃபிரேமில் பட்டனை அழுத்துவார் என்பது யாருக்கும் தெரியாது. டிரான்சிஷன் பொருந்துவது 750-இல் ஒன்றோடு. மற்ற 749 இடத்திலும் படம் துள்ளும். நிலைப்பட மெனுவில் இந்தத் துள்ளல் இல்லை, பட்டன் மேலிருந்த ஒளிவட்டம் மட்டும் சட்டென்று மறையும். ஆகவே லூப், பொருத்தமான டிரான்சிஷன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் கட்டாயம் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், திரை முழுவதையும் சட்டென்று மூடும் கிளிப்பாக, பூமழையோ இருட்டோ, போட்டுவிடுங்கள்.

அப்படித் திரையை மூடுகிற கிளிப் எந்த மெனுவுக்கும் சொந்தமில்லை; அதனால் ஒன்றே எல்லாவற்றுக்கும் உதவும். போக வேண்டிய மெனுவின் எண்ணை எங்கே நினைவில் வைப்பது? பிளேயரில் 16 பொது நினைவுக் கட்டங்கள் இருக்கின்றன. பட்டன் அழுத்தியதும் ஒன்றில் எண்ணைப் போட்டுவிட்டுக் கிளிப்புக்குத் தாவச் சொல்லலாம். கிளிப்பின் பின்கட்டளை அந்த எண்ணைப் பார்த்து உரிய மெனுவுக்கு அனுப்பும். இதற்குச் சில கட்டளைகளே தேவை. ஒரு நிரலுக்கு 128 வரை அனுமதி உண்டு.

நீளத்தையும் 36-இலிருந்து 24 ஃபிரேமுக்கு இறக்குங்கள். 0.96 நொடி, ஏறத்தாழ 1 மெகாபைட். கிளிப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பட்டன் ஒன்றை வைத்து, பின்கட்டளைக்கே அனுப்பச் சொன்னால், அவசரக்காரர் ரிமோட்டில் ஓகே அழுத்தித் தாண்டிவிடலாம். திரும்பும் வழிக்கு டிரான்சிஷனே வேண்டாம்; முகப்புக்குத் திரும்புகிறவர் வேறெங்கோ போகத்தான் திரும்புகிறார். ஒரு முழுச் சுற்றுக்கு இப்போது 4.8 நொடி, 15 தாவல். கல்யாண டிவிடிக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண்.