கோரக்பூர் அணுமின் நிலையம்: கால்வாய் வறண்டால் உலை எப்படிக் குளிரும்?

ஹரியானா மாநிலம் ஃபதேஹாபாத் மாவட்டத்தின் கோரக்பூர் கிராமத்தில், தலா 700 மெகாவாட் திறன் கொண்ட 4 அணு உலைகளை இந்திய அணுமின் கழகம் அமைத்து வருகிறது. இது உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் நகரம் அல்ல. 2014 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டிய இத்திட்டத்துக்கு அருகில் கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. பக்ரா கால்வாயின் ஃபதேஹாபாத் கிளையே நீராதாரம்.

நிலம் கையகப்படுத்துவதை எதிர்த்து 2010-இல் விவசாயிகள் தர்ணாவில் அமர்ந்தனர். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து நேர்ந்தபின் அவர்களது கேள்விகளில் பாதுகாப்பும் முன்னுக்கு வந்தது. பராமரிப்புக்காகக் கால்வாய் மூடப்படும் நாட்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அச்சம் இயல்பானதே.

இதில் இரண்டு வகை நீர்த்தேவையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மின் உற்பத்திக்குத் தேவைப்படும் நீர் மிக அதிகம். அது கிடைக்காவிட்டால் உலையை நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்திய உலையும் உடனே குளிர்ந்துவிடாது. எரிபொருளில் சேர்ந்துள்ள கதிரியக்கப் பொருட்கள் தொடர்ந்து வெப்பம் உமிழும். 700 மெகாவாட் மின் உலையின் வெப்பத் திறன் ஏறத்தாழ 2,160 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 6 சதவீதத்துக்கும் மேல் எஞ்சியிருக்கும்; ஒரு நாள் கழித்து அரை சதவீத அளவுக்குக் குறையும். அந்த அரை சதவீதத்தை நீரைக் கொதிக்கவைத்தே வெளியேற்றுவதானால் நாளொன்றுக்குச் சுமார் 370 டன் நீர் வேண்டும். 10,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் கணக்கிட்டால் 37 லாரிகள். அளவு பெரிதல்ல, ஆனால் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. ஃபுகுஷிமாவில் கடல் பக்கத்திலேயே இருந்தும், பம்புகளை இயக்க மின்சாரம் இல்லாததால் எரிபொருள் உருகியது.

இந்தியாவுக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் விசையாழியின் தகடுகள் முறிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து, சுமார் 17 மணி நேரம் முதல் அலகுக்கு மின்சாரமே இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் செலுத்தி ஊழியர்கள் உலையைக் காத்தனர். அது 220 மெகாவாட் உலை; கோரக்பூரில் வருவது அதைப்போல் மூன்று மடங்கு பெரியது.

புதிய 700 மெகாவாட் வடிவமைப்பில் பம்போ மின்சாரமோ இன்றி இயங்கும் குளிர்விப்பு அமைப்பு சேர்க்கப்பட்டுள்ளது. கலன்களில் எழும் நீராவி, மேலே உள்ள தொட்டி நீரில் குளிர்ந்து, மீண்டும் நீராகித் தன் எடையாலேயே கீழிறங்கும். நரோராவோடு ஒப்பிட்டால் இது உண்மையான முன்னேற்றம். எனினும் தொட்டி நீரும் கொதித்துக் குறையும். அது வற்றுமுன் யாரேனும் நிரப்பியாக வேண்டும். கால்வாய் மூடியிருந்தால் வளாகத்துக்குள் எத்தனை நாளுக்கான நீர் கையிருப்பில் இருக்கும் என்ற எண்ணிக்கையை, சுற்றுவட்டார மக்களுக்குப் புரியும் எளிய ஹிந்தியில் தெரிவிப்பது பொதுவான உறுதிமொழிகளைவிடப் பயன் தரும்.

அவசரநிலைத் திட்டத்திலும் இதே நிலைதான். 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மக்களை வெளியேற்றும் திட்டத்தைத் தயாரித்துச் செயல்படுத்தும் பொறுப்பு நிலையத்துக்கு அல்ல, மாவட்ட நிர்வாகத்துக்கே உரியது. கோரக்பூர் வட்டாரத்தில் எருமையும் பசுவும் இல்லாத வீடு அரிது. ஃபுகுஷிமாவில் கால்நடைகளைத் தொழுவத்திலேயே விட்டுவிட்டு மக்கள் வெளியேற நேர்ந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, உலை இயங்கத் தொடங்கும் முன்பே இத்திட்டம் தயாராகி ஒத்திகையும் நடந்திருக்க வேண்டும்.