உருளைக்கிழங்கும் உப்புத் தண்ணீரும்: பரப்பளவு எதை மாற்றும், எதை மாற்றாது?

சவ்வூடு பரவலுக்குப் பள்ளிக்கூடத்தில் செய்கிற பரிசோதனை பெரும்பாலும் ஒன்றுதான். உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு, சிலதை நல்ல தண்ணீரிலும் சிலதை உப்புத் தண்ணீரிலும் போட்டு, அரைமணி கழித்து எடை பார்ப்பது. சின்னத் துண்டு, பெரிய துண்டு என்று இரண்டு அளவிலும் செய்து பார்த்தால், கடைசியில் "பரப்பளவு கூடினால் சவ்வூடு பரவல் கூடும்" என்று ஒரு வரி எழுதி நோட்டை மூடிவிடுவோம். அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம்.

முதல்ல அடிப்படை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும். உப்பு, சர்க்கரையை அவ்வளவு சுலபத்தில் விடாது. (தண்ணீர் போவதற்கென்றே அக்வாபோரின் என்கிற புரதக் குழாய்கள் சவ்வில் உண்டு. இதற்காகத்தான் பீட்டர் அக்ரேவுக்கு 2003ல் வேதியியல் நோபல் கிடைத்தது.) ஆக, கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் உருளைக்கிழங்கின் எடை பெரிதாகக் கூடாது, குறையாது. கிழங்குக்குக் கிழங்கு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைனும் ஏறக்குறைய இதே அளவு உப்புதான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

இப்போ கணக்கு. 2 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத் துண்டு: கன அளவு 8 கன செ.மீ., மேற்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகளாக எட்டாக வெட்டினால் கிழங்கு அதே கிழங்குதான், மேற்பரப்பு மட்டும் 48 ஆகிவிடும். அரை செ.மீ. துண்டுகளாக 64 ஆக்கினால் 96.

கதவு இரண்டு மடங்கானால் கூட்டம் இரண்டு மடங்கு வேகமாக வெளியேறும். ஆனா உள்ளே இருந்த ஆட்கள் அதே ஆட்கள்தானே? உப்புத் தண்ணீரில் போட்ட எட்டுச் சின்னத் துண்டும் ஒரு பெரிய துண்டும் கடைசியில் இழக்கப்போகும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது உள்ளேயும் வெளியேயும் உள்ள செறிவு. அரைமணியில் எடை பார்த்தால் சின்னத் துண்டு நிறைய இழந்திருக்கும். மணிக்கணக்கில் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும். அரைமணியில் நிறுத்துவதால்தான் நோட்டில் அந்த வரி வந்தது.

இன்னொன்று, தூரம். 2 செ.மீ. துண்டின் நடுவில் உள்ள செல் வெளியிலிருந்து 1 செ.மீ. தள்ளி இருக்கு. 1 செ.மீ. துண்டில் அரை செ.மீ. இப்படிப் பரவி நகர்கிற விஷயங்களுக்குத் தூரம் பாதியானால் நேரம் ஏறத்தாழ கால்வாசி ஆகிவிடும். அதனால்தான் பரப்பளவு இரண்டு மடங்குதானே என்று கணக்குப் போட்டவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்னத் துண்டு சீக்கிரம் வேலையை முடிக்கிறது.

அப்போ துருவிப் போட்டால் இன்னும் நல்லதா? இங்கேதான் கத்தி குறுக்கே வருகிறது. வெட்டுகிற ஒவ்வொரு முகத்திலும் ஒரு அடுக்கு செல்கள் கிழிந்துபோகும். சவ்வு கிழிந்த செல்லில் சவ்வூடு பரவல் ஏது? உள்ளே இருந்தது சும்மா வழியும். உருளைக்கிழங்கு செல் ஒன்று 0.1 முதல் 0.2 மி.மீ. இருக்கும். முகத்துக்கு 0.1 மி.மீ. கிழிகிறது என்று வைத்துக்கொண்டால், 2 செ.மீ. துண்டில் சேதம் சுமார் 3 சதவீதம், 1 செ.மீ. துண்டில் 6. அதுவே 2 மி.மீ. துண்டு என்றால் 27 சதவீதம்! துருவிய வெள்ளரிக்காய் உப்பு போடுவதற்கு முன்னாலேயே தண்ணி விடுவது இதனால்தான்.

சமையலறைக்காரர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தடியில் தண்ணி நிற்கும். முழுசாகப் போடுகிற மாவடுவுக்கோ நாள் கணக்காகும். மெழுகு படிந்த தோல் வேறு தடுக்கிறது. தினமும் ஜாடியைக் குலுக்கிவிட்டு, வடு சுருங்கி, உப்புநீர் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். உப்பு இவ்வளவு அதிகமாக இருக்கும்போது செல்கள் பிழைப்பதில்லை. சவ்வு கட்டுப்பாட்டை இழந்ததும் உப்பும் உள்ளே போகும். ஊறுகாய் கெடாமல் இருப்பது இந்த இரண்டாம் கட்டத்தால்தான். துண்டு தடிமனாக இருந்து, உப்பும் குறைவாகப் போட்டிருந்தால், நடுப்பகுதிக்கு உப்பு போய்ச் சேருவதற்குள் கிருமி முந்திக்கொள்ளும். அளவைக் குறைத்து உப்பு போட நினைக்கிறவர்கள் துண்டின் தடிமனையும் குறைக்கிறது நல்லது.

செடி தன் வேலைக்கே பரப்பளவைப் பயன்படுத்தும் இடம் வேர். 1937ல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேரை அளந்தார். வேர்த்தூவிகள் மட்டும் சுமார் 1,400 கோடி. அவற்றின் பரப்பு ஏறக்குறைய 400 சதுர மீட்டர். ஒரு செடிக்கு! ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சி. மண்ணில் இருக்கிற மெல்லிய நீர்ப்படலத்தை வேகமாக எடுக்க இவ்வளவு பரப்பு.

கத்தரி, மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடும்போது அறுந்துபோவது இந்தத் தூவிகள்தான். இலைப்பரப்பு அப்படியே இருக்கு, தண்ணி போகிற வேகம் அப்படியே இருக்கு, வருகிற வேகம் மட்டும் சரிந்துவிட்டது. செடி துவள்கிறது. வேரோடு மண்ணைச் சேர்த்து எடுப்பதும், வெயில் தாழ்ந்து நடுவதும் இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான். புதுத் தூவி வந்ததும் நிமிர்ந்துவிடும்.

உப்பு நிலத்தில் நிலைமையே வேற. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உருளைக்கிழங்கு சமநிலையில் இருக்கும் அந்த 9 கிராமைப்போல நாலு மடங்கு. இப்படி ஒரு மண்ணில் 400 சதுர மீட்டர் வேர்ப்பரப்பு இருந்தாலும் செடிக்கு உதவாது. தண்ணீரின் திசையே திரும்பிவிடுவதால், அகலமான கதவு வழியே செடிதான் வேகமாகக் காலியாகும். அதனால் இப்படிப்பட்ட நிலத்தில் உரம் போட்டு வேரை வளர்க்கிறதுக்கு முன்னாடி செறிவைக் குறைக்கணும்: வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வடித்துவிட வேண்டும். ஒரு தடவை வடித்தால் போதாது, மறுபடி தேக்கி மறுபடி வடிக்க வேண்டியிருக்கும்.