டர்போ கெப் வண்டி: லீற்றருக்கு எத்தனை கிலோ மீற்றர்?

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை 2025 பெப்ரவரியில் தளர்த்தப்பட்டதிலிருந்து, நமது வியாபாரிகள் இருவர் சந்தித்தால் பேச்சு கெப் வண்டியில்தான் வந்து நிற்கிறது. கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் ஏற்றுபவர், மீனும் கருவாடும் அனுப்புபவர், கடைச் சாமான் இறக்குபவர் என எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இருக்கிற பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு டர்போ வண்டி எடுக்கலாமா? லீற்றருக்குப் பதினான்கு ஓடுமாமே?"

இது வீண் பேச்சல்ல. 2021 ஜூனில் 111 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. ஒரே ஆண்டில் நான்கு மடங்கு. அதன் பின் கியூ.ஆர். கோட்டா வந்து, 2023 செப்டெம்பரில்தான் நீங்கியது. அந்தக் காலத்தில் சரக்கின் விலையைப் பார்த்த அளவுக்கு டீசலின் செலவைப் பார்க்காதவர்கள் கைமுதலை இழந்தார்கள். ஆகவே, "பதினான்கு ஓடும்" என்ற வார்த்தையை நம்பிப் பல இலட்சங்களை இறக்குவதற்கு முன்னர், அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது, நமது வீதியில் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று ஆராய்வது அவசியம்.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வெப்பத்தோடும் வேகத்தோடும் வீணாகப் போகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே டர்போ. காற்று கூடுதலாகப் போனால் டீசலும் கூடுதலாக எரிக்க முடியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும்.

நமது பகுதியில் இன்றும் ஓடும் பழைய ஹைலக்ஸ் வண்டிகள் பலவற்றில் இருப்பது 2.8 லீற்றர் '3 எல்' எஞ்சின். டர்போ கிடையாது. அதன் வலு சுமார் 90 குதிரை. இழுவை விசை சுமார் 190 நியூட்டன் மீற்றர். 2015இல் வந்த ரெவோ வண்டியின் 2.4 லீற்றர் டர்போ எஞ்சினோ 150 குதிரை வலுவும் 400 நியூட்டன் மீற்றர் வரை இழுவையும் தருகிறது. எஞ்சின் சிறுத்திருக்கிறது, இழுவை இரண்டு மடங்காகியிருக்கிறது.

இங்கே இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, டர்போ டீசலைச் சேமித்துத் தருவதில்லை. மிதமாக மிதிக்கும்போது சிறிய எஞ்சினுக்குரிய செலவு. அழுத்தி மிதிக்கும்போது பெரிய எஞ்சினுக்குரிய செலவு. சேமிப்பதும் அழிப்பதும் சாரதியின் காலில் இருக்கிறது. இரண்டாவது, புதிய வண்டிகளின் சிக்கனத்துக்குப் பெயர் டர்போவுக்குப் போனாலும், பெரும்பங்கு டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் உயர் அழுத்தத்தில் தெளிக்கும் 'கொமன் ரெயில்' முறைக்கே உரியது. பழைய 3 எல் எஞ்சினில் டீசல் முதலில் ஒரு சிறு அறையில் எரிந்து பின்னர்தான் சிலிண்டருக்கு வரும். அந்த அறையின் சுவர் வழியே வெப்பம் வீணாகும். நேரடி முறைக்கு மாறினாலே 10 முதல் 15 வீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்பது பொறியியலாளர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு.

ஆனால் அந்த மிச்சத்தின் ஒரு பகுதியைப் புதிய வண்டியின் உடல் தின்றுவிடுகிறது. இன்றைய டபள் கெப் ஏறத்தாழ இரண்டு தொன் எடை. பழைய சிங்கள் கெப்பை விடப் பல நூறு கிலோ அதிகம். சரக்கு ஏற்றுவதற்கு முன்பே அந்தச் சுமையை ஒவ்வொரு பயணத்திலும் சுமக்கிறோம்.

கம்பனிக் கணக்கு

விற்பனைத் தாளில் இருக்கும் கிலோ மீற்றர் கணக்கு வீதியில் எடுக்கப்பட்டதல்ல. மூடிய கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, குறித்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. ஐரோப்பாவில் 2017 வரை நடைமுறையில் இருந்த பழைய சோதனை 20 நிமிடம்தான்; ஓடும் தூரம் 11 கிலோ மீற்றர்; சராசரி வேகம் மணிக்கு 34 கிலோ மீற்றருக்கும் குறைவு; ஏ.சி. போடுவதில்லை. ஜப்பானின் பழைய '10-15' சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 70 கிலோ மீற்றர்தான். ரீகண்டிஷன் வண்டி வாங்கிய நமக்கு முன்னர் காட்டப்பட்ட ஜப்பான் கணக்குகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை.

ஐரோப்பியக் கார்களில் சோதனைக் கணக்குக்கும் வீதிக் கணக்குக்கும் இடையிலான வித்தியாசம் 2001 அளவில் 10 வீதத்துக்கும் குறைவாக இருந்தது; 2015 அளவில் அது 40 வீதமாகியதை ஆய்வுகள் காட்டின. சிறிய டர்போ எஞ்சின்கள் பெருகிய காலமும் அதுவே. மென்மையான சோதனையில் சிறிய எஞ்சின் நல்ல பெயர் எடுக்கும். வீதியில் அழுத்தி மிதிக்கும்போது உண்மை வெளிவரும். இதுவாவது சட்டத்துக்கு உட்பட்ட வித்தியாசம். 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம் ஜப்பானில் 6 இலட்சத்து 25 ஆயிரம் சிறிய கார்களின் எரிபொருள் சோதனையில் தரவுகளை மாற்றியதாகத் தானே ஒப்புக்கொண்டது. எனவே தாளில் உள்ளதை ஒரு வண்டியை மற்றொரு வண்டியோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதை வைத்து வியாபாரக் கணக்குப் போட வேண்டாம்.

நமது வீதியின் கணக்கு

கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை ஏறத்தாழ 40 கிலோ மீற்றர். அங்கிருந்து சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் பேலியகொடை சேரும்போது மொத்தம் 165 கிலோ மீற்றர் அளவு வரும். பெரும்பாலும் சமதரை. மலையேற்றம் இல்லாததால், சமமான வேகத்தில் போகும்போது சுமை ஏற்றிய வண்டிக்கும் வெறும் வண்டிக்கும் உள்ள செலவு வித்தியாசம் நாம் நினைப்பதை விடக் குறைவு. வேகத்தாலும் காற்றாலும் வரும் செலவோ நாம் நினைப்பதை விட அதிகம்.

காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயரும். மணிக்கு 80 கிலோ மீற்றரில் போவதைக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி 100 ஆக்கினால், எதிர்ப்பு 56 வீதம் கூடும். கெப் வண்டியோ காரைப் போல் வழவழப்பான உடல் கொண்டதல்ல. மேலே கெரியர், பின்னால் படபடக்கும் தார்ப்பாய் வேறு.

சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நுரைச்சோலைப் பக்கமும் மாம்புரியிலும் காற்றாலைகள் சும்மா நடப்படவில்லை. நீங்கள் 70இல் போகும்போது முகத்துக்கு நேரே 30 கிலோ மீற்றர் காற்று வீசினால், வண்டிக்கு அது 100இல் போவதற்குச் சமன். எதிர்ப்பு இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே என்பீர்கள். தள்ளும், ஆனால் போகும்போது இழந்தது முழுவதையும் திருப்பித் தராது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் காற்றில்லாத நாளை விட ஐந்தில் ஒரு பங்களவு கூடுதல் எதிர்ப்பு. ஆகவே காற்றுக் காலத்தில் பத்து கிலோ மீற்றர் மெதுவாகப் போவது, எந்த டர்போவையும் விட மலிவான சிக்கனம்.

அடுத்தது மணல். தோட்டத்துக்குள்ளும் வாடிக்குள்ளும் இறங்கினால், தளர்ந்த மணலில் சக்கரம் உருள்வதற்கான எதிர்ப்பு தார் வீதியை விடப் பத்து மடங்குக்கும் மேல். மணலுக்காக டயரில் காற்றைக் குறைத்தவர் தார் வீதி ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள், அப்படியே கொழும்பு வரை போய், வண்டி டீசல் குடிக்கிறது என்று கராஜ் பாஸிடம் முறையிடுகிறார்கள்.

கொப்பிக் கணக்கு

உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அறிய ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

ஒரே பெற்றோல் ஷெட்டில், ஒரே பம்பில், டேங்கை நிறைத்துக் குழாய் முதற்தடவை நின்றதும் நிறுத்துங்கள். மீற்றரைக் குறியுங்கள். ஓடி முடித்து மறுபடி அதேபோல் நிறையுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை அடித்த லீற்றரால் பிரியுங்கள். ஒரு தடவை போதாது. குறைந்தது மூன்று நான்கு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். சுமையோடு போன பயணம், வெறும் வண்டி, ஊருக்குள் ஓடியது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

டெஷ்போட்டில் தெரியும் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும். பெரிய டயர் போட்டிருந்தால் மீற்றரே பிழையாகும். சுற்றளவு 5 வீதம் கூடினால், வண்டி 105 கிலோ மீற்றர் ஓடும்போது மீற்றர் 100 என்றுதான் காட்டும். வீதியோரக் கிலோ மீற்றர் கல்லைக் கொண்டு ஒரு நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "லீற்றருக்கு இரண்டு கூடுதல்" என்பது எல்லா இடத்திலும் ஒரே இலாபம் அல்ல. 6 ஓடிய லொறி 8 ஓடினால், நூறு கிலோ மீற்றருக்கு 4 லீற்றருக்கு மேல் மிச்சம். 12 ஓடிய கெப் 14 ஓடினால் மிச்சம் சுமார் 1.2 லீற்றர்தான். எனவே நூறு கிலோ மீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடுவதே வியாபாரிக்கு நல்லது.

கிலோ மீற்றரை விடக் கிலோ முக்கியம்

இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். உதாரணத்துக்கு டீசல் லீற்றர் 300 ரூபா என்றும், பேலியகொடைக்குப் போய்வர 330 கிலோ மீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது வெறும் வண்டி. ஏற்றும் எடையும் ஓடும் கணக்கும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கொப்பியில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

டபள் கெப்: லீற்றருக்கு 12 ஓடுகிறது, 400 கிலோ ஏற்றுகிறது. டீசல் 27.5 லீற்றர், 8,250 ரூபா. கிலோவுக்கு 20 ரூபா 63 சதம்.

பழைய சிங்கள் கெப்: லீற்றருக்கு 10 ஓடுகிறது, 1,000 கிலோ ஏற்றுகிறது. டீசல் 33 லீற்றர், 9,900 ரூபா. கிலோவுக்கு 9 ரூபா 90 சதம்.

நாம் 'டிமோ பட்டா' என்று அழைக்கும் டாட்டா ஏஸ்: லீற்றருக்கு 15 ஓடுகிறது, 700 கிலோ ஏற்றுகிறது. டீசல் 22 லீற்றர், 6,600 ரூபா. கிலோவுக்கு 9 ரூபா 43 சதம்.

லீற்றருக்கு இரண்டு கிலோ மீற்றர் கூடுதலாக ஓடும் வண்டி, சரக்கின் மேல் இரண்டு மடங்கு செலவை ஏற்றுகிறது. திரும்பும்போது அரிசியோ சீனியோ உரமோ ஏற்றி வந்தால், எந்த வண்டியானாலும் கிலோவின் செலவு ஏறத்தாழ பாதியாகும். அவ்வளவு மிச்சத்தை எந்த எஞ்சினும் தராது.

மாற்றும் செலவையும் பார்ப்போம். சிங்கள் கெப்பைக் கொடுத்து, அதே அளவு ஏற்றும் டர்போ சிங்கள் கெப் எடுத்து, 10 ஓடியது 12 ஆனால், ஒரு பயணத்தில் மிச்சம் 5.5 லீற்றர், 1,650 ரூபா. வருடம் 150 பயணம் என்றால் 2 இலட்சத்து 47 ஆயிரத்து 500 ரூபா. நல்ல தொகைதான். ஆனால் மாற்றுவதற்குக் கையிலிருந்து 50 இலட்சம் போட வேண்டியிருந்தால், அந்தப் பணம் டீசல் மிச்சத்தால் மட்டும் திரும்பி வர இருபது ஆண்டுகள். பழைய வண்டி அடிக்கடி நின்று சரக்கு அழுகுகிறது, பயணம் தவறுகிறது என்றால் மாற்றுவதற்கு அது நியாயமான காரணம். டீசல் மிச்சம் மட்டும் காரணமானால், பொறுத்திருப்பதே புத்தி.

டர்போ வைத்திருப்போர் கவனத்துக்கு

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. கம்பனி சொன்ன தரத்து ஒயிலைச் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். வேகமாக ஓடி வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். நமது மணல் தூசிக்கு எயார் ஃபில்டர் நகரத்து வண்டியை விட முந்தியே அடைபடும். காற்று குறைந்தால் கரும்புகை, கரும்புகை என்றால் எரியாமல் போகும் டீசல். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கதி. இழுக்கும்போது சீறும் சத்தம் கேட்டால் அன்றே பாருங்கள்.

ஓட்டும் விதத்தில், இழுவை உச்சமாக இருப்பது 1,600 முதல் 2,500 சுற்றுக்குள். அதற்குள் கியரை மாற்றிப் போனால் போதும். 3,500 வரை இழுத்து மாற்றும் பழக்கம் டர்போ இல்லாத பழைய எஞ்சினில் கற்றது. புதிய வண்டியில் அது பணத்தைப் புகையாக்குகிறது. சம்பளத்துக்குச் சாரதி வைத்திருப்பவர்கள், கொப்பிக் கணக்கில் மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கை அவருக்கே கொடுத்துப் பாருங்கள்.

வண்டி மாற்ற நினைக்கும் சகோதரர்கள், விற்பனைக் கூடத்துக்குப் போவதற்கு முன்னர் ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிலோ சரக்கைச் சந்தையில் இறக்க எத்தனை ரூபா டீசல் என்று உங்கள் சொந்தக் கணக்கு கையில் இருந்தால், விற்பவர் சொல்லும் பதினான்குக்கு என்ன பதில் சொல்வது என்பது தானாகத் தெரியும்.