சுட்டிய ஏடு எங்கே?

நூல்நிலைய அட்டவணை சுட்டிய தட்டிலே நூலைக் காணாது திரும்பிய அனுபவம் நம்மிற் பலர்க்கு உண்டு. கணினி நிரல்களிலும் இக்குறை நேர்கின்றது.

1991ஆம் ஆண்டிலே லைனஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் கருநிரலை எடுத்துக்கொள்வோம். அதன் வரிகளுக்கிடையே, ‘இதன் விளக்கத்தை இன்ன கோப்பிற் காண்க’ என்னுங் குறிப்புகள் பல உள. இவை மனிதர்க்கென எழுதப்பட்டவை. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பி இவற்றைப் படியாது தள்ளிவிடும். ஆகவே, விளக்கக் கோப்பொன்று பெயர் மாறினும் அழியினும் நிரல் பழுதின்றி இயங்கும். குறிப்பை நம்பிச் சென்றவனே வழிதெரியாது நிற்பான். 2016 முதல் அக்கோப்புகளைப் புதிய எழுத்தமைப்புக்கு மாற்றியபோது பெயர்கள் பெருந்தொகையாக மாறின. பொய்த்த சுட்டுகளும் மிகுந்தன.

இதற்கென அமைந்த சிறு நிரலொன்று மூலநிரல் முழுவதையுந் துழாவி, சுட்டப்பட்ட கோப்பு இல்லாதவிடத்து அறிவிக்கும். கருநிரலைத் தொகுத்துக் கட்டும் வேளையிலேயே இச்சோதனையைச் செய்விக்கும் வசதி 2019இற் சேர்ந்தது. விரும்பினோர் மட்டுமே அதனை இயக்குவர். அது எச்சரிக்குமேயன்றி வேலையை நிறுத்தாது. அவ்வளவில் நன்றே; ஆயினும் நிறுத்தாத எச்சரிக்கையைப் பாராது விடுவாரும் உளர்.

காணாத கோப்பின் புதிய பெயரை ஊகித்துத் தானே திருத்தவும் அந்நிரல் வல்லது. இங்கேதான் விழிப்பு வேண்டும். ஒத்த பெயருடைய வேறொரு கோப்பைச் சுட்டிவிடின், மறுமுறை சோதனை குறைசொல்லாது; வாசகனோ பொருந்தாத ஏட்டைப் படித்துக்கொண்டிருப்பான். அத்திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்த பின்னரே ஏற்றல் தகும்.