பொருள் தெரிந்த சொல் ஏன் மறக்கிறது?

அகராதியைப் புரட்டிப் பொருளோடு எழுதிப் படித்த ஆங்கிலச் சொற்கள் இரண்டே நாளில் மறந்துபோவது ஏன் என்பது போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அடிக்கடி எழுப்பும் கேள்வி. முப்பது நாளில் ஆயிரம் சொற்கள் என்று விற்கப்படும் கையேடுகளில் இதற்கு விடை கிடையாது. அவை சொற்களைக் குவிக்கின்றனவே தவிர, கற்ற சொல் எவ்வாறு நிலைக்கிறது என்பதைத் தொடுவதே இல்லை.

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரைக்கு அயல்மொழிச் சொற்கல்வி புதிதன்று. அக்கரையின் புன்னைக்காயலில் வாழ்ந்த போர்த்துகீசியரான என்றிக்கே என்றீக்கசு அடிகளார் 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் கற்று, அதன் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார்.

கற்ற சொல் எவ்வாறு நிலைக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. கார்ப்பிக்கி, ரோடிகர் என்னும் உளவியலாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 40 சுவாகிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றனர். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லைச் சிலர் அதன்பின் படிக்க மட்டும் செய்தனர். வேறு சிலர் அதே சொல்லில் தொடர்ந்து சோதிக்கப்பட்டனர். ஒரு வாரம் கழித்து, சோதிக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடும், படித்தவர்களுக்கு ஏறத்தாழ 36 விழுக்காடும் நினைவிலிருந்தன. ஆனால் எல்லாருமே தமக்குப் பாதியளவு நினைவிருக்கும் என்றே முன்கூட்டிக் கணித்திருந்தனர். விடை கண்முன் இல்லாதபோது மனம் கிடைத்த சிறு குறிப்பைப் பற்றிக்கொண்டு தேடுகிறது. மீட்டெடுத்தல் எனப்படும் இத்தேடல் நிறைவேறும் ஒவ்வொரு முறையும் குறிப்பிலிருந்து பொருளுக்குச் செல்லும் தடம் உறுதிப்படுகிறது. திரும்பத் திரும்பப் பார்க்கும்போதோ பழக்கம்தான் கூடுகிறது, அதையே மனம் அறிவென்று மயங்குகிறது.

முத்துக்குளிப்பும் இத்தகையதே. கரையில் குவித்த சிப்பியை எத்தனை முறை கையிலெடுத்துப் பார்த்தாலும், அது கிடைக்கும் தோலாயிரம் பார் என்னும் கடலடி முத்துப்படுகைக்கு வழி தெரியாது. மூச்சடக்கி இறங்கித் துழாவி எடுத்தவருக்கே அவ்விடம் பழகும். முத்துக்குளிப்பவரை விரைந்து அடிசேர்த்த கல்லைப் போன்றது எடுத்துக்காட்டு வாக்கியம். படகில் கயிறு பிடித்து நிற்பவரைப் போன்றது அகராதி, மூச்சு முட்டும்போது மட்டுமே அது இழுக்க வேண்டும். முத்துப்பார் அள்ள அள்ள வறண்டது. சொல்லோ எடுக்க எடுக்க நிலைக்கிறது.

எடுத்துவரும் பொருளும் சரியாக இருக்க வேண்டும். 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் கட்டுமரத்திலிருந்து பிறந்தது. வில்லியம் டாம்பியரின் 1697ஆம் ஆண்டுப் பயண நூலிலேயே அது உண்டு. இன்றோ அது பெரும்பாலும் இணையான இரு உடல்களைக் கொண்ட படகையே குறிக்கிறது. கட்டுமரம் என்று மட்டும் குறித்துவைத்த மாணவர், அச்சொல்லைச் செய்தித்தாளில் காணும்போது கயிற்றால் பிணைத்த மரங்களையே மனத்தில் காண்பார். ஆகவே நோட்டின் வலப்பக்கத்தில் எழுதிய பொருளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, 'இரு உடல், நடுவே இணைக்கும் தளம்' என்று தாமே சொல்லிப் பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும். மறுநாள் ஒருமுறையும், நான்கு நாள் கழித்து ஒருமுறையும் அவ்வாறே மூடிச் சொல்ல வேண்டும்.